நல்ல உளவாளிக்காகக் காத்திருக்கலாமா? ‘தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்’ சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

கிழக்கு பெர்லினில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் உச்சிப் பரணில் ஒருவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கீழே ஒரு வீட்டில் நாடக ஆசிரியர் ஒருவரும் அவருடைய காதலியான நடிகையும் வாழ்கிறார்கள். அவர்கள் சண்டை போடுவது, சமாதானமாவது, நண்பர்களோடு அரசியல் பேசுவது என அத்தனையும் பரணில் டைப் ஆகிக்கொண்டே இருக்கிறது. ஒருநாள் நாடக ஆசிரியர் பியானோ வாசிக்கிறார். பரணில் இருப்பவரின் கண்ணில் நீர் வழிகிறது. அதற்குப் பிறகு அவரால் பழையபடி வேலை பார்க்க முடியவில்லை.

2006-ல் வெளியான ஜெர்மன் படம் ‘தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்’. இயக்குநர் ஃப்ளோரியான் ஹென்கெல் ஃபான் டோனர்ஸ்மார்க்குக்கு இதுதான் முதல் முழுநீளப் படம். 2007-ல் சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதைத் தட்டிச் சென்றது. அரசாங்க ஒட்டுக்கேட்பு பற்றி எங்கே விவாதம் வந்தாலும், யாராவது ஒருவர் “அந்த ஜெர்மன் படம் பார்த்திருக்கீங்களா?” என்று ஆரம்பிப்பது இன்றுவரை தொடர்கிறது.

படம் பிரமாதம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் படம் முடிந்து வெளியே வருபவரின் மனதில் ஓர் ஆறுதல் தங்கிவிடுகிறது. ‘எவ்வளவு கொடூரமான அமைப்பாக இருந்தாலும், உள்ளே எங்கோ ஒரு நல்லவர் இருப்பார், நேரம் வரும்போது காப்பாற்றுவார்’ என்ற ஆறுதல். கிழக்கு ஜெர்மனியின் உண்மை வரலாறு இதற்கு நேரெதிரான பாடத்தைச் சொல்கிறது. அங்கே உளவு அமைப்பை வீழ்த்தியது பரணில் அழுத உளவாளி அல்ல. கோப்புகளைத் திறந்து காட்டு என்று வாசலில் போய் நின்ற சாதாரண மக்கள்.

(எச்சரிக்கை: இனி வருவதில் படத்தின் முழுக் கதையும் உண்டு.)

கதை என்ன?

வருடம் 1984. கெர்ட் வீஸ்லர், ஸ்டாசி என்று அழைக்கப்பட்ட ரகசியக் காவல் அமைப்பின் அதிகாரி. கைதியைத் தூங்கவிடாமல் மணிக்கணக்கில் விசாரிப்பது எப்படி என்று பயிற்சி மாணவர்களுக்கு வகுப்பு எடுப்பவர். “இது மனிதத்தன்மையற்ற செயல் இல்லையா?” என்று ஒரு மாணவர் கேட்கிறார். வீஸ்லர் பதில் சொல்லிக்கொண்டே, அந்த மாணவரின் பெயருக்கு எதிரே சத்தமில்லாமல் ஒரு குறி போட்டுவைக்கிறார். யார் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

நாடக ஆசிரியர் கெயார்க் டிரைமன் அரசுக்கு வேண்டியவர்தான். ஆனால் அவருடைய காதலி கிறிஸ்டா-மரியா மீது ஓர் அமைச்சருக்குக் கண். காதலனை ஒழித்துக்கட்ட ஏதாவது சிக்குமா என்று பார்க்கத்தான் வீட்டில் மைக் பொருத்தப்படுகிறது. மைக் வைக்க வந்தவர்களைக் கதவின் துளை வழியாகப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துவிடுகிறார். வீஸ்லர் நேராகப் போய்க் கதவைத் தட்டுகிறார். வாய் திறந்தால் மகளின் மருத்துவப் படிப்பு போய்விடும் என்கிறார். அவ்வளவுதான். பெண் கப்சிப்.

அரசால் ஒதுக்கப்பட்ட இயக்குநர் நண்பர் தற்கொலை செய்துகொள்ள, டிரைமன் மாறுகிறார். கிழக்கு ஜெர்மனியின் தற்கொலைகள் பற்றி ரகசியமாக ஒரு கட்டுரை எழுதி, மேற்கு ஜெர்மனியின் ‘டெர் ஷ்பீகல்’ இதழில் பெயரில்லாமல் வெளியிடுகிறார். கடத்திக் கொண்டுவரப்பட்ட தட்டச்சு இயந்திரம் கதவுநிலையின் அடியில் ஒளிந்திருக்கிறது. பரணில் இருக்கும் வீஸ்லருக்கு எல்லாம் தெரியும். ஆனால் அறிக்கையில், ‘அரசின் 40-ம் ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்’ என்று பொய் எழுதுகிறார். கடைசியில் சோதனை வரும்போது, அதற்கு முன்பே இயந்திரத்தை எடுத்து மறைத்துவிடுகிறார். மிரட்டலுக்குப் பணிந்து இடத்தைக் காட்டிக்கொடுத்த கிறிஸ்டா-மரியா, அது தெரியாமல் தெருவில் ஓடி வண்டியில் அடிபட்டு இறக்கிறார். வீஸ்லருக்குத் தண்டனை: நிலவறையில் உட்கார்ந்து மற்றவர்களின் கடிதங்களை ஆவியில் காட்டிப் பிரிக்கும் வேலை.

‘வீஸ்லர் என்று ஒருவர் இருந்ததே இல்லை’

படப்பிடிப்புக்கு முன்பே ஒரு சர்ச்சை வெடித்தது. பெர்லினின் ஹோன்ஷூன்ஹவுசன் பகுதியில் ஸ்டாசியின் விசாரணைச் சிறை இருந்தது. இப்போது அது நினைவகம். அங்கே படமெடுக்க இயக்குநர் அனுமதி கேட்டார். அப்போதைய நினைவக இயக்குநர் ஹூபெர்டஸ் க்னாபே மறுத்துவிட்டார். பாதிக்கப்பட்டவர்கள் அடைபட்டுக் கிடந்த இடத்தில், ஒரு ஸ்டாசி அதிகாரியைக் கதாநாயகனாக்கும் கதையை எடுக்க விட முடியாது என்பது அவருடைய நிலை. ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படத்தை இயக்குநர் உதாரணம் காட்டினார். க்னாபேயின் பதில் பின்னாளில் பிரபலமானது: ஷிண்ட்லர் என்று ஒருவர் நிஜத்தில் இருந்தார், வீஸ்லர் என்று ஒருவரும் இருக்கவில்லை என்பதே அதன் சாரம்.

‘ஸ்டாசிலாண்ட்’ என்ற புத்தகத்துக்காக ஸ்டாசியின் முன்னாள் ஆட்களையும் அவர்களால் பாதிக்கப்பட்டவர்களையும் தேடித்தேடிப் பேட்டி எடுத்த ஆஸ்திரேலிய எழுத்தாளர் அன்னா ஃபண்டரும் இதையே வேறு விதமாகச் சொன்னார். படத்தை அவர் பாராட்டினார். ஆனால் தன் இலக்கை அதிகாரி ஒருவர் காப்பாற்றுவது அந்த அமைப்புக்குள் சாத்தியமே இல்லை என்று சுட்டிக்காட்டினார்.

ஏன் சாத்தியமில்லை? ஸ்டாசிக்காரர்கள் எல்லோரும் கல்மனம் படைத்தவர்கள் என்பதாலா? அதுதான் இல்லை. மனசாட்சி இருந்தாலும் பயன்படாதபடி அமைப்பு கட்டப்பட்டிருந்தது.

படத்தில் வீஸ்லரே பாடம் நடத்துகிறார், விசாரிக்கிறார், நோட்டம் விடுகிறார், ஒட்டுக்கேட்கிறார், அறிக்கை எழுதுகிறார். நிஜத்தில் இவை தனித்தனி வேலைகள். எழுத்தாளர்கள், தேவாலயங்கள், எதிர்ப்பாளர்களைக் கவனித்தது 20-ம் பிரிவு. மைக் வைப்பதும் தொலைபேசியை ஒட்டுக்கேட்பதும் 26-ம் பிரிவு. தெருவில் பின்தொடர்வது 8-ம் பிரிவு. விசாரணை 9-ம் பிரிவு. கடிதங்களைப் பிரித்துப் படிக்கத் தனியாக இன்னொரு பிரிவு. ஒருவர் கையில் இருக்கும் தகவல் இன்னொருவரிடம் இருக்கும் தகவலோடு ஒத்துப்போகிறதா என்று மேலே ஒருவர் பார்ப்பார். ஒரே அறிக்கையில் பொய் எழுதிவிட்டு ஒருவரைக் காப்பாற்றிவிட முடியாது. போதாததற்கு, உளவாளிகளையே உளவு பார்த்தார்கள்.

அமைப்பை விட்டு விலக நினைத்தவருக்கு என்ன நடந்தது என்பதற்கும் சாட்சி உண்டு. வெர்னர் டெஸ்கே என்பவர் ஸ்டாசியின் வெளிநாட்டு உளவுப் பிரிவில் கேப்டன். மேற்குக்குத் தப்பிவிடலாம் என்ற எண்ணத்தில் சில ஆவணங்களை வீட்டுக்கு எடுத்துவந்து வைத்திருந்தார். தப்பவும் இல்லை, ஆவணங்களை யாரிடமும் கொடுக்கவும் இல்லை. 1981 ஜூன் மாதம் லைப்ஸிக் சிறையில் பின்தலையில் சுட்டுக் கொன்றார்கள். கிழக்கு ஜெர்மனி நிறைவேற்றிய கடைசி மரண தண்டனை அதுதான். படத்தின் கதை நடப்பது அதற்கு மூன்றே ஆண்டுகள் கழித்து. நிஜ வீஸ்லர் ஒருவர் மாட்டியிருந்தால், கடிதம் பிரிக்கும் வேலையோடு விட்டிருப்பார்களா?

எண்கள் சொல்லும் கதை

ஸ்டாசி தொடங்கப்பட்டது 1950 பிப்ரவரியில். 1957 முதல் 1989 வரை அதன் அமைச்சர் எரிக் மீல்கே. 32 வருடங்கள் ஒரே நாற்காலி.

1989-ல் கிழக்கு ஜெர்மனியின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 64 லட்சம். ஸ்டாசியின் முழுநேர ஊழியர்கள் சுமார் 91,000 பேர். அதாவது, ஏறக்குறைய 180 பேருக்கு ஒரு முழுநேர உளவுத் துறை ஊழியர். இவர்கள் போக, சம்பளப் பட்டியலில் இல்லாமல் தகவல் கொடுத்தவர்கள் 1,70,000-க்கும் அதிகம். பக்கத்து வீட்டுக்காரர், அலுவலகத்தில் அடுத்த மேஜைக்காரர், விளையாட்டுப் பயிற்சியாளர், பாதிரியார், சில இடங்களில் கணவன், மனைவி.

படத்தில் விடுபட்டுப்போன மிகப் பெரிய உண்மை இந்த இரண்டாவது கூட்டம்தான். படத்தில் தகவல் கொடுப்பவராக வருவது கிறிஸ்டா-மரியா மட்டுமே. அவரும் மூலைக்குத் தள்ளப்பட்டு, வேறு வழியில்லாமல்தான் பணிகிறார். பார்ப்பவருக்கு அவர்மீது கோபம் வராது, பரிதாபம்தான் வரும். நிஜத்தில் கோப்புகள் காட்டிய முகம் வேறு. மிரட்டலுக்குப் பணிந்தவர்களைவிட, கொள்கைப் பற்றாலோ ஏதோ ஒரு சலுகைக்காகவோ தாமாகவே தலையாட்டியவர்கள் அதிகம். போட்டுக்கொடுத்தது பெரும்பாலும் அசுரன் அல்ல, நன்றாகப் பழகிய ஆள்.

மனித உரிமைச் செயற்பாட்டாளர் வேரா லெங்ஸ்ஃபெல்டின் கதை இதற்கு உதாரணம். 1988 ஜனவரியில் ஒரு போராட்டத்துக்குப் போனதற்காகக் கைது செய்யப்பட்டு, பின்னர் நாட்டை விட்டு அனுப்பப்பட்டவர். ஜெர்மனி ஒன்றான பிறகு நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். தன்னைப் பற்றி ‘டொனால்ட்’ என்ற புனைபெயரில் ஒருவர் ஸ்டாசிக்கு அறிக்கை கொடுத்துவந்தது கோப்புகள் மூலம் தெரியவந்தது. அந்த டொனால்ட், அவருடைய கணவர். அவருடைய குழந்தைகளின் தகப்பன்.

‘சுவருக்கும் காது உண்டு’ என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். அங்கே சுவருக்குக் காது இருந்ததைவிட, சாப்பாட்டு மேஜைக்குக் காது இருந்ததுதான் கொடுமை.

அடி விழுந்தது வெளியே தெரியாது

இன்னொரு விஷயமும் உண்டு. 1970-களுக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனி உலக அரங்கில் நல்ல பெயர் எடுக்க ஆசைப்பட்டது. எல்லோரையும் சிறையில் போட்டால் பெயர் கெடும். அதனால் 1976-ல் ஸ்டாசி ஒரு வழிகாட்டி விதியைக் கொண்டுவந்தது. அதில் எழுதப்பட்டிருந்த முறைக்கு ஜெர்மன் மொழியில் ‘ஸெர்செட்ஸுங்’ என்று பெயர். அரித்துச் சிதைப்பது என்று பொருள் கொள்ளலாம்.

கைது கிடையாது, அடி கிடையாது. ஒருவரைப் பற்றி வதந்தி கிளப்புவது, ‘இவரே ஸ்டாசியின் ஆள்தான்’ என்று நண்பர்களை நம்பவைப்பது, பதவி உயர்வு ஒவ்வொரு முறையும் காரணமே தெரியாமல் தள்ளிப்போவது, ஆள் இல்லாத நேரத்தில் வீட்டுக்குள் புகுந்து பொருட்களை இடம்மாற்றி வைப்பது. ‘எனக்குத்தான் மூளை கலங்கிவிட்டதோ’ என்று அவரே தன்னைச் சந்தேகப்படும் வரை விடமாட்டார்கள். வெளியே போய் “அரசாங்கம் என் வீட்டுச் சர்க்கரை டப்பாவை நகர்த்திவிட்டது” என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இதெல்லாம் பலித்தது ஒரே காரணத்தால்: பாதிக்கப்பட்டவருக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. யார் செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள், கோப்பில் என்ன இருக்கிறது எதுவும் தெரியாது. ஸ்டாசியின் மிகப் பெரிய ஆயுதம் மைக் அல்ல, ரகசியம்.

இதற்கு மறுபக்கமும் இருந்தது. “எங்களுக்குத் தகவல் கொடு” என்று ஸ்டாசி அணுகியபோது மறுத்தவர்கள் ஏராளம். மறுக்கச் சுலபமான வழி ஒன்று அந்த நாட்களில் எதிர்ப்பாளர்களுக்குள் புழங்கியது. வந்தவர் “யாரிடமும் சொல்லக் கூடாது” என்பார். மறுநாளே அலுவலகத்திலும் நண்பர்களிடமும் “நேற்று ஸ்டாசி ஆள் வந்தாங்க” என்று போட்டு உடைத்துவிடுவது. அதோடு முடிந்தது. ஊருக்கே தெரிந்த ஒருவரை ரகசிய ஆளாக வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெரும்பாலும் ஆளை விட்டுவிட்டார்கள்.

கவனிக்க வேண்டிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. வீஸ்லர் நல்லதை ரகசியமாகச் செய்கிறார். நிஜத்தில் ஸ்டாசியிடமிருந்து தப்பித்தவர்கள், விஷயத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து தப்பித்தார்கள்.

செங்கல்லோடு வாங்க!

1989 நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்தது. அதற்குள் ஸ்டாசி அலுவலகங்களில் ஆவண அழிப்பு ஆரம்பமாகிவிட்டது. காகிதத்தைக் கிழிக்கும் இயந்திரங்கள் தாக்குப்பிடிக்காமல் பழுதாக, ஊழியர்கள் கையாலேயே கிழித்து மூட்டையில் அடைத்தார்கள்.

டிசம்பர் 4 காலை. எர்ஃபுர்ட் நகரில் ஸ்டாசி அலுவலகப் புகைபோக்கியிலிருந்து புகை வந்தது. கோப்புகளை எரிக்கிறார்கள் என்று புரிந்துகொண்ட பெண்கள் சிலர் முதலில் கிளம்பினார்கள். ஊர் சேர்ந்தது. வண்டிகளைக் குறுக்கே நிறுத்தி வாசலை மறித்தார்கள். உள்ளே போய் அறைகளுக்கு முத்திரை வைத்தார்கள். மக்கள் கைப்பற்றிய முதல் ஸ்டாசி மாவட்ட அலுவலகம் அது. அதே நாளில் லைப்ஸிக் உள்ளிட்ட நகரங்களிலும் இது தொடர்ந்தது.

1990 ஜனவரி 15 அன்று பெர்லின் தலைமையகம். ‘செங்கல்லும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு வாருங்கள், வாசலை அடைத்துவிடுவோம்’ என்று ‘புதிய மன்றம்’ இயக்கம் அழைப்பு விடுத்தது. ஆயிரக்கணக்கில் கூட்டம் திரண்டது. கதவு திறந்தது. மக்கள் உள்ளே போனார்கள்.

இதோடு பிரச்சினை தீரவில்லை. இரு ஜெர்மனிகளும் இணையும் ஒப்பந்தம் தயாரானபோது, கோப்புகளை மேற்கில் இருந்த கோப்லென்ஸ் நகரின் மத்திய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்கும் யோசனை இருந்தது. திறந்தால் பழிவாங்கல் நடக்கும், குடும்பங்கள் உடையும் என்ற பயம் பலருக்கு. பூட்டிவைத்துவிடுவார்கள் என்று அஞ்சிய செயற்பாட்டாளர்கள் 1990 செப்டம்பரில் மீண்டும் ஸ்டாசி கட்டடத்துக்குள் புகுந்து உட்கார்ந்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். கோப்புகள் கிழக்கிலேயே இருக்கும், அவற்றைப் பார்க்கச் சட்டம் வரும் என்ற உறுதி அப்படித்தான் கிடைத்தது.

1991 டிசம்பரில் ஸ்டாசி ஆவணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1992 ஜனவரி முதல் யார் வேண்டுமானாலும் போய், தன்னைப் பற்றிய கோப்பைப் பார்க்கலாம். புனைபெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதே நேரம், கோப்பில் வரும் மூன்றாம் நபர்களின் அந்தரங்கம் மறைக்கப்பட்டிருக்கும். காப்பகத்தின் முதல் பொறுப்பாளராக இருந்த யோவாகிம் கௌக், 2012-ல் ஜெர்மனியின் குடியரசுத் தலைவரே ஆனார்.

காப்பகத்தில் இருக்கும் கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர் நீளம். தன் கோப்பைப் பார்க்க வேண்டும் என்று இதுவரை வந்த விண்ணப்பங்கள் 30 லட்சத்துக்கும் மேல். கிழித்துப்போட்ட காகிதங்கள் சுமார் 16,000 மூட்டைகளில் மிஞ்சின. நியூரம்பெர்க் அருகே உட்கார்ந்து, துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டும் வேலை 1995-ல் தொடங்கியது.

எல்லாம் கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு உளவுப் பிரிவு தன் கோப்புகளில் பெரும்பகுதியைத் தானே அழித்துக்கொள்ள அனுமதி பெற்றுவிட்டது. அமைச்சர் மீல்கேவுக்குத் தண்டனை கிடைத்தது, ஆனால் ஸ்டாசி செய்ததற்காக அல்ல. 1931-ல் இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்ற வழக்கில். நீதி முழுதாகக் கிடைத்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பயந்தது போல ரத்த ஆறு ஓடவில்லை. கல்யாணங்கள் முறிந்தன, நட்புகள் முறிந்தன, பதவிகள் போயின. கூடவே, ‘எனக்கு மூளை கலங்கவில்லை, உண்மையிலேயே இதெல்லாம் நடந்தது’ என்று லட்சக்கணக்கானவர்கள் தங்கள் வாழ்க்கையைத் திரும்பப் பெற்றார்கள்.

‘சினிமாதானே, விடுங்க’ என்றால்?

நியாயமான கேள்வி. படம் என்பது ஆவணம் அல்ல. கற்பனைக்கு உரிமை உண்டு. கிழக்கு ஜெர்மனி 1976-ல் குடியுரிமையைப் பறித்து வெளியேற்றிய பாடகர் வோல்ஃப் பியர்மனே இந்தப் படத்தைப் பாராட்டி எழுதினார். மேற்கில் வளர்ந்த ஓர் இளைஞர், கிழக்கின் அந்தக் காற்றை எப்படி இவ்வளவு சரியாகப் பிடித்தார் என்று வியந்தார். வீஸ்லராக நடித்த உல்ரிஷ் மூஹெ கிழக்கு ஜெர்மனிக்காரர். சுவர் விழுவதற்கு ஐந்து நாட்கள் முன்பு பெர்லினில் நடந்த மாபெரும் பேரணியில் மேடையேறியவர். ஸ்டாசியால் கண்காணிக்கப்பட்டவரும்கூட. இந்தப் பாத்திரத்துக்கு எப்படித் தயாரானீர்கள் என்று கேட்டபோது, நினைவுகூர்ந்தேன், அவ்வளவுதான் என்ற பொருளில் பதில் சொன்னார். அவருடைய முகத்தில் அசையாமல் நிற்கும் அந்த இறுக்கம் நடிப்புப் பள்ளியில் கற்றது மட்டுமல்ல. 2007-ல், ஆஸ்கர் வென்ற சில மாதங்களில், 54 வயதில் அவர் இறந்துபோனார்.

ஆக, படம் பொய் என்பதல்ல விமர்சனம். படம் நம்பிக்கையை எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்பதுதான் கேள்வி. இசை கேட்டால் மனம் இளகும், இளகிய மனம் அதிகாரத்தை எதிர்க்கும் என்பது கதையின் அச்சு. பீத்தோவனின் இசையைக் கேட்டால் மனம் இளகிவிடுகிறது, அதனால் அடிக்கடி கேட்க முடிவதில்லை என்று லெனின் சொன்னதாக எழுத்தாளர் கார்க்கி பதிவுசெய்த செய்தியிலிருந்துதான் இயக்குநருக்குக் கதையே பிறந்தது. அழகான எண்ணம். ஆனால் காவலரின் நல்ல மனதை நம்பிக் கதவைத் திறந்துவைக்கும் குடிமகனுக்கு அது ஆபத்தான எண்ணம்.

இன்றைய தேதியில் இது இன்னும் ஆபத்து. டிரைமனைக் கேட்க ஒரு மனிதர் பரணில் உட்கார வேண்டியிருந்தது. மனிதர் என்பதால் அவர் அழவும் முடிந்தது. இன்று யார் யாரோடு பேசினார், எங்கே போனார், எத்தனை மணிக்கு எதைத் தேடினார் என்பதைச் சேமிக்க எந்தப் பரணும் தேவையில்லை. சட்டைப் பையில் இருக்கும் போனே போதும். தரவுகளைச் சலிக்கும் மென்பொருளுக்கு பியானோ வாசித்துக் காட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஜனநாயக நாடுகளுக்கும் இது பொருந்தும். கோடிக்கணக்கான மக்களின் தொலைபேசி அழைப்பு விவரங்களை அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ மொத்தமாகச் சேகரித்தது 2013-ல் உலகத்துக்குத் தெரியவந்தது. ஒப்பந்த ஊழியரான எட்வர்ட் ஸ்னோடென் ஆவணங்களைப் பத்திரிகையாளர்களிடம் கொடுத்ததுதான் காரணம். அவர் செய்தது சரியா தவறா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் ஒன்று தெளிவு: அவர் வீஸ்லரைப் போல ஓர் அறிக்கையை மட்டும் சத்தமில்லாமல் மாற்றி எழுதியிருந்தால் எதுவும் மாறியிருக்காது. விஷயம் ஊருக்குத் தெரிந்ததால்தான், 2015-ல் அந்த மொத்தச் சேகரிப்பை நிறுத்தச் சட்டம் வந்தது.

கடைசி 20 நிமிடங்கள்

உண்மையைச் சொன்னால், படத்துக்கே இது தெரியும். பலரும் ‘நெகிழ்ச்சியான கிளைமாக்ஸ்’ என்று கடந்துவிடும் கடைசிப் பகுதியில்தான் படத்தின் மிகச் சரியான காட்சி இருக்கிறது.

சுவர் விழுந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. தன்னை யாரும் உளவு பார்க்கவில்லை என்றே டிரைமன் நம்பிக்கொண்டிருக்கிறார். பழைய அமைச்சரைத் தற்செயலாகச் சந்திக்கும்போதுதான், வீடு முழுக்க மைக் இருந்தது தெரிகிறது. சுவரிலிருந்து ஒயர்களைப் பிய்த்து இழுக்கிறார். பிறகு காப்பகத்துக்குப் போகிறார். தள்ளுவண்டியில் அவருடைய கோப்புகள் வந்து சேர்கின்றன. சுற்றிலும் மற்ற மேஜைகளில் வேறு மனிதர்கள், ஆளுக்கொரு கோப்போடு. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுகிறார். கடைசிப் பக்கத்தில், தட்டச்சு ரிப்பனின் சிவப்பு மை பட்ட ஒரு கைரேகை. தன்னைக் காப்பாற்றியது யார் என்று அப்போதுதான் அவருக்குப் புரிகிறது. காட்டிக்கொடுத்தது யார் என்பதும் அதே கோப்பில்தான் இருக்கிறது.

வீஸ்லர் செய்த நல்லது, அந்தக் கோப்பு பத்திரமாக இருந்ததால்தான் டிரைமனுக்குத் தெரிந்தது. கோப்பு பத்திரமாக இருந்தது, எர்ஃபுர்ட்டில் புகையைப் பார்த்து ஓடிய பெண்களாலும், பெர்லினுக்குச் செங்கல் தூக்கிவந்தவர்களாலும், உண்ணாவிரதம் இருந்தவர்களாலும். அவர்கள் யாரும் படத்தில் இல்லை. அவர்கள் இல்லையென்றால் அந்தக் காட்சியும் இல்லை.

எந்த நாட்டிலும் அரசு “நாட்டின் பாதுகாப்புக்காகத்தான் கண்காணிக்கிறோம், எங்களை நம்புங்கள்” என்று சொல்லும்போது, கண்காணிப்பவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியில் விவாதம் சிக்கிக்கொள்வது வழக்கம். அது தவறான கேள்வி. யார் அனுமதி கொடுத்தார்கள், எவ்வளவு காலத்துக்கு, தவறு நடந்தால் யார் விசாரிப்பார்கள் என்பவை சரியான கேள்விகள். எல்லாவற்றையும்விட முக்கியமானது: கண்காணிக்கப்பட்டவர் என்றாவது ஒருநாள் போய், தன் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்க்க முடியுமா?

முடியும் என்று சட்டம் சொல்லும் இடத்தில், பரணில் இருப்பவர் நல்லவராக இல்லாவிட்டாலும் பயந்து நடப்பார். முடியாது என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கீழ் வீட்டில் இருப்பவருக்கு அது தெரியப்போவதே இல்லை.